ரிமோட்டின் வாடகை

டெலிவிஷன் ரிமோட் ஒன்றுக்கு மாத வாடகை எவ்வளவு வாங்கலாம் என்று மூன்று மாலைகள் உட்கார்ந்து கணக்குப் போட்டவன் நான். கூலி கிடையாது. காப்பி கொடுத்தார்கள். கும்பகோணத்துக்காரன் வாயில் வைக்கத்தக்க காப்பி அல்ல அது.

1994ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் மலைப்பகுதியில் ஒரு சிற்றூருக்கு நாங்கள் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பரோ என்று அங்கே சொல்வார்கள்; நம்முடைய பேரூராட்சி மாதிரி. உள்ளூர் வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வந்த சிறு அறிவிப்பை என் மனைவிதான் காட்டினாள். கேபிள் கட்டணத்தை ஆராய ஊர் மன்றம் அமைக்கும் ஐவர் குழுவுக்குத் தன்னார்வலர்கள் தேவை.

"தினமும் இங்கே உட்கார்ந்து கேபிள்காரனைத் திட்டுகிறீர்களே, அங்கே போய்த் திட்டுங்கள். ஊருக்காவது பிரயோஜனப்படும்" என்றாள்.

நான் அந்நாட்டுக் குடிமகன் அல்ல. அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். ஊருக்குள் வீடு இருந்தால் போதும் என்றார் மன்றத்தின் எழுத்தர். நான் கணக்கர் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற பள்ளி நூலகர் அம்மையார். டெலிபோன் கம்பெனியில் முப்பது ஆண்டுகள் கம்பம் ஏறிய பெரியவர் ஒருவர். முடிதிருத்துபவர் ஒருவர். இரண்டே கூட்டங்களுக்கு வந்து காணாமற்போன இளம் வக்கீல் ஒருவர். கடைசியாக நான்.

ஒரு பேரூராட்சிக்கும் டிவி கட்டணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரிலிருந்து என் அப்பா கடிதத்தில் கேட்டிருந்தார். சம்பந்தம் தெருவில் இருக்கிறது. கேபிள் கம்பெனி தன் கம்பியை ஊர் வீதிகளின் மேலேதான் இழுக்க வேண்டும், ஊர் மண்ணைத் தோண்டித்தான் புதைக்க வேண்டும். அதற்கு ஊரின் உரிமம் வேண்டும். உரிமம் கொடுக்கும் ஊர், பதிலுக்குக் கம்பெனியின் வருமானத்தில் ஒரு பங்கைக் கேட்கலாம். 1984ஆம் ஆண்டின் சட்டம் அந்தப் பங்குக்கு 5 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. வீதி ஊருடையது, ஆகவே விலையிலும் ஊருக்கு ஒரு வார்த்தை உண்டு. ஆரம்பத்தில் இருந்த நியாயம் இவ்வளவுதான்.

இந்தத் தொழில் பிறந்த இடங்களில் ஒன்று எங்கள் மாநிலம் என்பதில் அந்தக் கம்பம் ஏறிய பெரியவருக்குப் பெருமை. மகனாய் சிட்டி என்ற சுரங்க ஊரில் ஜான் வால்சன் என்பவர் வீட்டு உபயோகச் சாமான் கடை வைத்திருந்தார். டிவி பெட்டிகள் விற்க ஆசை. ஆனால் பிலடெல்பியாவிலிருந்து வரும் அலைகளை மலை மறைத்தது. படம் தெரியாத பெட்டியை யார் வாங்குவார்கள்? 1948இல் மலையுச்சியில் ஆன்டெனா நட்டு, அங்கிருந்து கடை வரைக்கும் கம்பி இழுத்தார் என்பது அவர் சொன்ன கதை. ஓரெகான் மாநிலத்தின் அஸ்டோரியா ஊர்க்காரர்கள் தங்களுக்கே முதலிடம் என்பார்கள். எங்கள் பெரியவரிடம் அஸ்டோரியா பெயரைச் சொன்னால் அன்றைய கூட்டம் அதோடு முடிந்தது.

உரிமம் கொடுக்கும் அதிகாரம் இருக்கும் இடத்தில் கவரும் இருக்கும் என்பதற்கும் எங்கள் மாநிலமே சாட்சி. அக்காலத்தின் பெரிய கேபிள் நிறுவனமான டெலிபிராம்ப்டரின் தலைவர் இர்விங் கான், ஜான்ஸ்டவுன் நகரத்தின் உரிமத்துக்காக அங்குள்ள அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்த வழக்கில் 1971இல் குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போனார். லஞ்சம் என்றால் நம் ஊர்ச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இதைக் கேட்டதும் ஏதோ சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

எங்கள் குழுவை உருவாக்கிய சட்டத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்களிடமிருந்து கட்டண அதிகாரத்தைப் பெருமளவுக்கு எடுத்துவிட்டது. "மெய்யான போட்டி" இருக்கும் ஊரில் 1986 இறுதிக்குப் பிறகு விலையில் யாரும் தலையிடக் கூடாது. எது மெய்யான போட்டி என்று வரையறுக்கும் பொறுப்பு மத்திய தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யிடம் போனது. ஆன்டெனாவில் மூன்று சேனல் தெரிந்தால் அதுவே போட்டி என்றது ஆணையம். ஊரில் மூன்று கிணறு இருக்கிறது, ஆகவே தண்ணீர் லாரிக்காரர் எந்த விலையும் சொல்லலாம் என்பதைப் போல. நாட்டின் கேபிள் அமைப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே வீச்சில் கட்டுப்பாட்டுக்கு வெளியே போயின. நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் கணக்கெடுத்தது: 1986 நவம்பரில் 11.14 டாலராக இருந்த மிக மலிவான தொகுப்பின் சராசரிக் கட்டணம், 1991 ஏப்ரலில் 17.34 டாலர். 56 சதவீத ஏற்றம்.

மக்களின் எரிச்சல் 1992இல் சட்டமாயிற்று. அதிபர் ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அக்டோபர் 3ஆம் தேதி, அதைத் தடுப்பதிகாரத்தால் நிராகரித்தார். இரண்டே நாளில் செனட் 74க்கு 25 என்றும் பிரதிநிதிகள் சபை 308க்கு 114 என்றும் வாக்களித்து அதை மீறின. அவர் பதவிக்காலத்தில் நிராகரித்தவை 44. நாடாளுமன்றம் மீறி நிறைவேற்றியது இந்த ஒன்றை மட்டும்தான். போர், வரி, வேலைவாய்ப்பு எதிலும் சேராத இரு கட்சிகளும் கேபிள் பில்லில் சேர்ந்தன.

ஆனால் சட்டம் அதிகாரத்தைத் துண்டு போட்டுத்தான் கொடுத்தது. உள்ளூர் ஒளிபரப்பு நிலையங்களும் ஊர்ப் பொதுச் சேனல்களும் அடங்கிய அடிப்படைத் தொகுப்பு, அதோடு பெட்டி, ரிமோட், இணைப்புக் கட்டணம் ஆகியவை ஊரின் கையில். விளையாட்டு, செய்தி, கார்ட்டூன் என்று ஜனங்கள் உண்மையில் பார்க்கும் சேனல்கள் இருக்கும் மேல் தொகுப்பு, புகார் வந்தால் மட்டும் எஃப்.சி.சி.யின் கையில். தனிக்காசு கட்டிப் பார்க்கும் சினிமாச் சேனல்கள் யார் கையிலும் இல்லை. ஊர் தன் பங்கு அதிகாரத்தைப் பெறுவதற்கும் 328 என்ற எண் உள்ள படிவத்தை வாஷிங்டனுக்கு அனுப்பிச் சான்று பெற வேண்டும். விலையை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதும் ஆணையத்தின் விதி. ஊர் சொந்தமாக எதையும் நினைக்கக் கூடாது, கூட்டிக் கழிக்கலாம்.

எங்கள் முதல் பொது விசாரணை தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் நடந்தது. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் தம் பில்களைத் துணிப்பையில் கொண்டுவந்து மேசைமேல் அடுக்கினார். ஒரே ஒரு டிவி. ரிமோட் கிடையாது. அடிப்படைத் தொகுப்பு மட்டும். 1993 செப்டம்பரில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபின் அவருடைய பில் ஏறியிருந்தது.

"என்னைக் காப்பாற்றத்தானே சட்டம் போட்டார்கள்?" என்று கேட்டார்.

வீட்டுக்குப் போய்ப் படிவத்தைத் துழாவியபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஆணையத்தின் சூத்திரம் எல்லாத் தொகுப்புகளுக்கும் சேனல் ஒன்றுக்கு ஒரே விலை என்று போட்டிருந்தது. அதுவரை கம்பெனி கீழ்த் தொகுப்பை மலிவாகவும், ரிமோட்டையும் இரண்டாவது டிவி இணைப்பையும் கொள்ளை விலைக்கும் கொடுத்துவந்தது. உபகரணங்களை அசல் செலவுக்கே தர வேண்டும் என்று சட்டம் சொன்னவுடன் அங்கே விலை சரிந்தது. சமப்படுத்தியதில் கீழ்த் தொகுப்பு ஏறியது. மூன்று டிவி வைத்திருந்த வங்கி மேலாளருக்கு லாபம். ஒரு டிவி வைத்திருந்த செவிலியருக்கு நஷ்டம். நாடு முழுவதும் இப்படிப் பில் ஏறியவர்கள் ஏராளம் இருந்ததால் வாஷிங்டனில் கூச்சல் கிளம்பிற்று. அதே சமயம் அன்றைய மிகப்பெரிய கேபிள் நிறுவனமான டி.சி.ஐ.யின் உள்சுற்றறிக்கை ஒன்று 1993 நவம்பரில் வெளியே கசிந்தது. சில்லறைச் சேவைக் கட்டணங்களை ஏற்றுங்கள், வாடிக்கையாளர் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள், பழியை அரசாங்கத்தின் மேல் போட்டுவிடலாம் என்பது அதன் சாரம். நூலகர் அம்மையார் அந்தப் பத்திரிகைச் செய்தியைக் கத்தரித்துக் குழுவின் கோப்பில் முதல் பக்கமாக ஒட்டிவைத்தார்.

1994 பிப்ரவரி 22இல் ஆணையம் சூத்திரத்தைத் திருத்தியது. முதலில் 10 சதவீதம் என்றிருந்த விலைக்குறைப்பு 17 ஆயிற்று. மறுநாள் டி.சி.ஐ.யை பெல் அட்லான்டிக் டெலிபோன் நிறுவனம் வாங்கவிருந்த மாபெரும் ஒப்பந்தம் முறிந்தது. கட்டணக் குறைப்புதான் காரணம் என்றார்கள். அவ்வளவு பெரிய கப்பலைக் கவிழ்த்த அலை எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது புதிய படிவங்களாக வந்தது. 1200, 1205 என்று எண்கள்.

இனி ரிமோட்.

1205ஆம் படிவத்தைப் பார்த்து மற்ற நால்வரும் மிரண்டார்கள். எனக்கோ ஊரில் தணிக்கைக்குப் போய் நூற்பாலைக் கணக்குகளைப் புரட்டிய நாட்கள் நினைவுக்கு வந்தன. நல்ல சாப்பாட்டு வாசனை வந்தது போல இருந்தது. கம்பெனியின் வண்டிகள், ஏணிகள், கருவிகள் ஆகியவற்றின் கொள்முதல் விலையை எடு. தேய்மானத்தைக் கழி. மிச்சத்துக்கு 11.25 சதவீதம் நியாய லாபம், அதன்மேல் வருமான வரி. பணியாளர் சம்பளத்தைச் சேர். எல்லாவற்றையும் அவர்கள் ஓராண்டில் உழைத்த மணி நேரங்களால் வகு. ஒரு மணி நேரத்தின் விலை கிடைக்கும். பிறகு, ரிமோட்டுகளைப் பராமரிக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார். அதைப் பெருக்கி, ரிமோட்டின் அசல் விலையில் ஆண்டுக்குத் தேயும் பங்கைக் கூட்டி, ரிமோட்டுகளின் எண்ணிக்கையாலும் பன்னிரண்டாலும் வகுத்தால் மாத வாடகை.

புதிய விதிகளுக்கு முன்பு என் பில்லில் ரிமோட்டுக்கு 3 டாலர் இருந்தது. கம்பெனி இப்போது நிரப்பி அனுப்பியிருந்த படிவத்தில் 38 சென்ட். மூன்று டாலர் எப்படி ஒரே இரவில் 38 சென்ட் ஆயிற்று என்று ஒருவரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. நான் அந்த 38ஐயும் நம்பவில்லை. பராமரிப்பு நேரக் கட்டத்தில், ரிமோட் ஒன்றுக்கு ஆண்டுக்கு அரை மணி நேரத்துக்கு நெருக்கமாக ஒரு எண் இருந்தது.

கம்பம் ஏறிய பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"ரிமோட்டில் பழுது பார்க்க என்ன இருக்கிறது? கெட்டுப்போனால் தூக்கிப்போட்டு வேறு கொடுப்பார்கள். அரை மணி நேரம் எதற்கு, பாட்டரி மாற்றுவதற்கா? அந்தப் பாட்டரியையும் நாம்தானே வாங்குகிறோம்!"

கம்பெனியின் பிரதிநிதியை வரவழைத்துக் கேட்டோம். மாநில அளவில் சராசரி எடுத்தது என்றார். சராசரிக்கான ஆதாரம் கேட்டோம். அனுப்புகிறேன் என்றார். வந்தது ஆறு வாரம் கழித்து. அதில் பெட்டிகளுக்கான நேரத்தையும் ரிமோட்டுக்கான நேரத்தையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். பிரித்துப் போட்டதில் 21 சென்ட் வந்தது. மன்றம் என் கணக்கை ஏற்றுத் தீர்மானம் போட்டது, கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. மாதம் 17 சென்ட் மிச்சம். முடிதிருத்துபவர் தம் கடைக்கண்ணாடியில் "17" என்று சோப்பு நுரையால் எழுதிவைத்தாராம்.

அந்த வெற்றிக்கு என்ன ஆயிற்று? அடுத்த ஆண்டு மேல் தொகுப்பின் விலை அதைப்போலப் பல மடங்கு ஏறியது. அது எங்கள் அதிகாரத்தில் இல்லை. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் ஆணையத்திடம் இருந்த அந்த அதிகாரத்துக்கும் காலக்கெடு வைத்தது. 1999 மார்ச் 31க்குப் பிறகு மேல் தொகுப்புக்கு யாருடைய கட்டுப்பாடும் இல்லை. ஊரிடம் எஞ்சியது கீழ்த் தொகுப்பு. சோற்றுப் பானை அவர்களிடம், உப்பு ஜாடியின் சாவி எங்களிடம். அந்த உப்பை நாங்கள் ஒழுங்காகத்தான் அளந்தோம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

நடுவில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வீடியோ கேசட்டில் தமிழ்ப் படம் பார்த்துச் சலித்த நேரத்தில், சன் டிவி சாட்டிலைட் டிஷ்ஷில் கிடைக்கிறது என்ற செய்தி மாவட்டத்தின் தமிழ்க் குடும்பங்களுக்குள் தீபோலப் பரவியது. என் மனைவி ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். எட்டாவது நாள் கூரையில் டிஷ் ஏறியது. கேபிள் குழுவின் உறுப்பினர் வீட்டில் டிஷ்ஷா என்று பெரியவர் கேலி செய்தார். கேபிளையும் வைத்திருக்கிறேன் என்று சமாளித்தேன்.

2008இல் கம்பெனியின் வக்கீல்கள் ஆணையத்திடம் கொடுத்த மனுவின் நகல் ஒன்று மன்றத்துக்கு வந்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் "மெய்யான போட்டி"க்குப் புதிய இலக்கணம் வகுத்திருந்தது. அதில் ஒன்று: ஊரில் பாதி வீடுகளுக்காவது சேவை தரக்கூடிய இரண்டு போட்டி நிறுவனங்கள் இருந்து, மிகப்பெரியதை விட்டு மற்றவற்றின் சந்தாதாரர்கள் 15 சதவீத வீடுகளைத் தாண்டினால் போட்டி வந்துவிட்டது. ஊரின் கட்டண அதிகாரம் அதோடு முடிந்தது. மனுவின் பின்னிணைப்பில் அஞ்சல் குறியீட்டு வாரியாக டிஷ் சந்தாதாரர் எண்ணிக்கை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீடுகள் எண்ணிக்கை. வகுத்தல். எங்கள் பரோவுக்கு எதிரே 17 சதவீதம் சொச்சம்.

கணக்கு சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று எழுத்தர் என்னிடம்தான் கொடுத்தார். சரிபார்த்தேன். பெயர்கள் இல்லாத அந்த எண்களில் எங்கள் தெருவுக்குரிய வரிசையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அதில் ஒன்று நான். சன் டிவியில் நெடுந்தொடர் பார்ப்பதற்காக ஏற்றிய டிஷ், கேபிள் கட்டணத்தில் என் ஊருக்கு வார்த்தை இல்லை என்பதற்கு ஆதாரமாக வாஷிங்டன் போயிருந்தது. நான் தமிழ் டிவிக்குப் போனதால் அந்தச் செவிலியரின் கேபிள் பில்லுக்கு எப்படிப் போட்டி உண்டாயிற்று என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை. மனுவை எதிர்க்க வக்கீல் வைக்க மன்றத்திடம் காசில்லை. பிழை எதுவும் இல்லை என்று எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

அக்காலத்தில் இத்தகைய மனுக்கள் தோற்பது அபூர்வம். 2013 தொடக்கத்திலிருந்து தான் பரிசீலித்த ஊர்களில் 99.5 சதவீதத்துக்கும் மேலானவற்றில் போட்டி இருப்பதாக முடிவு செய்திருப்பதை ஆணையமே குறிப்பிட்டது. அதையே காரணம் காட்டி 2015 ஜூனில் சுமையைத் திருப்பிப் போட்டது: போட்டி இருப்பதாகவே எடுத்துக்கொள்வோம், இல்லை என்றால் ஊர் நிரூபிக்கட்டும். தாக்குப்பிடித்தவை ஹவாயின் கவாய் தீவும் மாசச்சூசெட்ஸின் 32 ஊர்களும். அங்கே டெலிபோன் நிறுவனத்தின் கிளை ஒன்று இணையம் வழியே டிவி தருகிறது, ஆகவே போட்டி உண்டு என்று 2019இல் அவற்றையும் முடித்தார்கள்.

2011 டிசம்பரில் கும்பகோணம் போயிருந்தேன். என் மைத்துனர் கேபிள் ஆபரேட்டர். அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் தேதிதான் அரசு கேபிள் டிவி மாதம் 70 ரூபாய் என்று தொடங்கியிருந்தார்கள். அதில் 20 நிறுவனத்துக்கு, 50 ஆபரேட்டருக்கு. நான் அவரிடம் 1205ஆம் படிவத்தை விளக்கினேன். வண்டித் தேய்மானம், மணி நேரக் கூலி, 11.25 சதவீதம். பொறுமையாகக் கேட்டார்.

"அத்தான், இங்கே தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்துகொண்டால் தொழில் நடத்தலாம். விலையை முதலமைச்சர் சொல்வார். ரிமோட்டுக்கெல்லாம் கணக்குப் போட்டால் ராத்திரி வசூலுக்கு யார் போவது?"

எழுபது என்ற எண் எப்படி வந்தது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த எண் டீக்கடை வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் 21 சென்ட் எங்கள் ஐவருக்கும் எழுத்தருக்கும் மட்டும் தெரியும்.

போன வருடம் கேபிளை நிறுத்தினேன். கடைசி பில்லில் உள்ளூர் ஒளிபரப்புக்கென்று தனியாக ஒரு கட்டணம் இருந்தது. கேபிளில் தம் நிகழ்ச்சிகளை மறுஒளிபரப்ப உள்ளூர் நிலையங்கள் காசு கேட்கலாம் என்ற உரிமையைக் கொடுத்ததும் அதே 1992ஆம் ஆண்டுச் சட்டம்தான். முதலில் பல நிறுவனங்கள் காசுக்குப் பதில் புதுச் சேனல்களுக்கு இடம் வாங்கிக்கொண்டன. ஈ.எஸ்.பி.என். 2, எஃப்.எக்ஸ். எல்லாம் அப்படி வந்தவை. பிறகு காசே கேட்டார்கள். பில்லைக் குறைக்க வந்த சட்டம் பில்லில் ஒரு வரியைக் கூட்டிவிட்டுப் போயிருந்தது. நூலகர் அம்மையார் இருந்திருந்தால் அந்தப் பில்லையும் கோப்பில் ஒட்டியிருப்பார்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் கவுன்ட்டரில் என் பேரன் வயதுப் பையன் நின்றான். பெட்டியின் எண்ணை வாசித்துக் கணினியில் ஏற்றினான். ரிமோட்டையும் நீட்டினேன்.

"அது தேவையில்லை சார். ரிமோட்டுக்குக் கணக்குக் கிடையாது" என்று சொல்லி, காலடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினான். நூறு ரிமோட்டுகளாவது கிடந்தன.

போடுவதற்கு முன் பாட்டரிகள் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவை என் காசில் வாங்கியவை.